டோங்காவின் காவல் படகுகள்

1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் தேதி, தொண்ணூறு வயதை எட்டியிருந்த முதல் ஜார்ஜ் டூபௌ மன்னர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென் அட்சம் 15 பாகை முதல் இருபத்து மூன்றரைப் பாகை வரையிலும், மேற்குத் தீர்க்கம் 173 பாகை முதல் 177 பாகை வரையிலும் அடங்கிய தீவுகளும் பாறைகளும் பவளத் திட்டுகளும் கரைகளும், அவற்றினிடையே கிடக்கும் நீர்ப்பரப்பும் டோங்கா ராஜ்யத்தைச் சேர்ந்தவை என்பது அதன் சாரம். ஐரோப்பிய வல்லரசுகள் பசிபிக் சமுத்திரத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்த காலம் அது; பிரிட்டனும் ஜெர்மனியும் அதற்கு முந்திய ஆண்டுதான் மேலைப் பசிபிக்கில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று உடன்படிக்கை செய்துகொண்டிருந்தன. கோடு கிழிப்பதென்றால் எங்களுக்கும் தெரியும் என்று அந்த முதிய மன்னர் காட்டினாரென்றே அப்பிரகடனத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது. வடக்குத் தெற்காகத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தச் செவ்வகத்திற்குள் உள்ள நிலமெல்லாம் சேர்ந்து சுமார் 750 சதுர கிலோமீட்டர்தான், எஞ்சியதெல்லாம் தண்ணீர். தண்ணீரைத் தன் ராஜ்யமென்று சாசனம் எழுதிய அரசு, அதனைக் காப்பதற்கு ஒரு காவல் படகைப் பெறுவதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

டோங்கா மக்கள் கடலுக்குப் புதியவர்கள் அல்லர். ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, துயி டோங்கா என்னும் பட்டம் தாங்கிய அரசர்களின் செல்வாக்கு அண்டைத் தீவுக் கூட்டங்கள் பலவற்றில் பரவியிருந்தது. அந்தச் செல்வாக்கைச் சுமந்து சென்றவை காலியா எனப்படும் இரட்டையுடல் பாய்மரக் கலங்கள். பெருங்கலம் கட்டுதற்கேற்ற வைர மரம் டோங்காவில் அருமையாதலால், தச்சர்கள் மேற்கே ஃபிஜியைச் சேர்ந்த லாவு தீவுகளுக்குச் சென்று, அங்கு விளையும் வேசி மரத்தை வெட்டி, அவ்விடத்திலேயே தங்கிக் கலங்களைக் கட்டி, ஊர் திரும்புவது வழக்கமாயிற்று. மரத்திற்காகப் போனவர்கள் மணவினையாலும் பகையாலும் நட்பாலும் அங்கே வேரூன்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எனெலே மாஅஃபு என்ற டோங்கா இளவரசர் லாவு தீவுகளின் தலைவராகவே உயர்ந்து, 1874இல் ஃபிஜியைப் பிரிட்டிஷ் முடியாட்சிக்கு ஒப்புக்கொடுத்த சாசனத்தில் கையொப்பமிட்டோர் வரிசையில் இடம்பெற்றார். இந்தப் பழைய உறவை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நம் காலத்து ரோந்துப் படகு ஒன்றின் கதையில் அது மறுபடியும் குறுக்கிடும்.

1900இல் டோங்கா பிரிட்டனின் பாதுகாப்பை ஏற்றது. உள்நாட்டில் மன்னராட்சி தொடர்ந்தாலும் அந்நிய விவகாரங்கள் பிரிட்டன் கைக்குப் போயின. கடற்காவல் என்ற பிரச்சினையும் அத்துடன் போயிற்று. 1970 ஜூன் 4ஆம் தேதி அந்த ஏற்பாடு முடிவுற்று, நான்காம் டூபௌ மன்னர் பூரண சுதந்திர நாட்டின் அதிபதியானபோது, அந்தப் பிரச்சினை திரும்பி வந்தது. வந்த விதமோ விநோதமானது.

டோங்காவின் தலைமைத் தீவான டோங்காடாபுவுக்குத் தென்மேற்கே நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் மினர்வா என்று பெயர் கொண்ட இரண்டு பவளத் திட்டுகள் இருக்கின்றன. 1829இல் அங்கே மோதி உடைந்த ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலின் பெயர் அது. டோங்கா மொழியில் அவை டெலெகி டோகெலாவ், டெலெகி டோங்கா எனப்படும். கடல் ஏறும்போது முழுகி, வற்றும்போது தலைகாட்டும் இடம். 1962இல் நியூஸிலாந்துக்குப் புறப்பட்ட டுவாய்காயெபாவு என்ற டோங்காப் படகு அங்கே மோதிச் சிதைய, அதிலிருந்த 17 பேரும் முன்பே அங்குச் சிக்கிக் கிடந்த ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் கூட்டுக்குள் புகுந்து, மூன்று மாதத்திற்கு மேல் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தனர். கடைசியில் தலைவர் தெவிதா ஃபிஃபிதா உடைந்த மரங்களைக்கொண்டு ஒரு சிறு படகைச் செய்து, ஃபிஜிக்குச் சென்று செய்தி சொல்ல, ஆகாய விமானம் வந்து எஞ்சியோரை மீட்டது. கரைக்கு அருகே வந்த தறுவாயில் தலைவரின் மகன் கடலில் மூழ்கி இறந்தார். டோங்கா மக்களின் உள்ளத்தில் மினர்வா என்பது வெறும் பாறையன்று என்பதற்கு இந்த ஒரு துயரமே போதும்.

இத்தகைய இடத்தில் 1972 ஜனவரியில் அமெரிக்காவின் நெவாடாவைச் சேர்ந்த மைக்கேல் ஆலிவர் என்னும் தனவந்தரும் அவருடைய கூட்டாளிகளும் மணலைக் கொண்டுவந்து கொட்டி, கொடி நட்டு, வரியில்லாத சுதந்திரக் குடியரசு ஒன்றைப் பிரகடனம் செய்தார்கள்! சிரிக்கத் தோன்றும், தலைநகர் நுகுஅலோஃபாவின் அரண்மனையில் யாரும் சிரிக்கவில்லை. 1887ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் கோட்டுக்கு மினர்வா வெளியே கிடந்ததுதான் சங்கடம். ஆகவே 1972 ஜூன் 15ஆம் தேதி, இரண்டு திட்டுகளும் அவற்றைச் சூழ்ந்த 12 மைல் நீரும் டோங்காவுடையவை என்று புதியதொரு பிரகடனம் வெளியாயிற்று. ஒலோவாஹா என்ற கப்பலில் ஒரு கூட்டத்தார் போய் அந்நியக் கொடியை இறக்கிவிட்டு வந்தார்கள். ஒலோவாஹா போர்க்கப்பல் அன்று; தீவுகளுக்கிடையே பிரயாணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் கப்பல். ராஜ்யத்தின் எல்லையை நிலைநாட்ட அன்று கிடைத்தது அதுதான்.

அடுத்த ஆண்டிலேயே டோங்காவுக்குக் கடற்படை என்று சொல்லத்தக்க ஒன்று பிறந்தது. இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் நகரத்துப் புரூக் மரீன் பட்டறையில் கட்டிய இரண்டு சிறு காவல் படகுகள், 1973இல் ஒன்றும் 1974இல் ஒன்றுமாக வந்து சேர்ந்தன. பொன் அம்பு, வெள்ளி அம்பு என்ற பொருளில் ங்காஹௌ கௌலா, ங்காஹௌ சிலிவா என்று அவற்றுக்குப் பெயர் சூட்டினர். ஐம்பது அடிக்கும் குறைந்த நீளமுள்ள அப்படகுகளைக்கொண்டு தீவுகளை அடுத்த நீரில் வலம் வரலாமேயன்றி, நடுச் சமுத்திரத்தில் நாட்கணக்கில் நின்று பிடிக்க இயலாது. இருந்தும் அவை டோங்காவினுடையவை.

இதற்குள் உலகத்தின் கடல் நியாயமே மாறத் தொடங்கியது. ஜமெய்க்காவின் மான்டேகோ பே நகரில் 1982ஆம் ஆண்டு டிசம்பரில் கையொப்பமான கடற்சட்ட உடன்படிக்கை, கரையோர நாடு ஒவ்வொன்றுக்கும் 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம் உண்டென்று விதித்தது. மக்கள் வாழும் தீவு ஒன்று தனியே நடுக்கடலில் இருந்தால், அதைச் சுற்றி 200 கடல் மைல் ஆரத்தில் வட்டம் வரைந்தாலே நான்கு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் கிடைக்கும். அந்தக் கணக்கில் டோங்காவின் பங்குக்கு வந்தது ஏறக்குறைய ஏழு லட்சம் சதுர கிலோமீட்டர். நிலத்துக்கும் நீருக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்குத் தொள்ளாயிரத்துக்கும் மேல்! ஒரு லட்சம் மக்களே கொண்ட நாடு ஒரே உடன்படிக்கையில் பெரிய ராஜ்யமாகிவிட்டது. சட்டம் செய்த உபகாரத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை; ஆனால் கடலை அளந்து கொடுத்த சட்டம், அதைக் காக்கும் கையைக் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

காக்க வேண்டிய பொருளோ சூரை மீன். தூர தேசத்து மீன்பிடிக் கப்பல்கள் ஆயிரங்கால் தூண்டிலோடும் சுருக்குவலையோடும் அந்தச் சமுத்திரம் முழுவதும் உலவிக்கொண்டிருந்தன. அவற்றை எப்படித் தடுப்பது என்பதைவிட, தடுத்தால் என்ன நேரும் என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. 1984 ஜூனில் சாலமன் தீவுகள் அரசு, தன் கடலில் அனுமதியின்றி மீன் பிடித்த ஜெனெட் டயானா என்ற அமெரிக்கச் சுருக்குவலைக் கப்பலைப் பிடித்துப் பறிமுதல் செய்தது. சூரை மீன் தேசம் விட்டுத் தேசம் நீந்துவது, ஆகையால் அதன்மேல் கரையோர நாட்டுக்கு உரிமை கிடையாது என்பது அந்நாளைய அமெரிக்கச் சட்டத்தின் கொள்கை. எனவே திருட்டைப் பிடித்த நாட்டுக்கே தண்டனை கிடைத்தது. சாலமன் தீவுகளின் மீனை இறக்குமதி செய்வதற்கு அமெரிக்கா தடை விதித்தது. மறு வருஷம் கிரிபட்டி அரசு சோவியத் ரஷ்யாவோடு மீன்பிடி ஒப்பந்தம் செய்துகொண்டதும் கான்பெராவிலும் வாஷிங்டனிலும் பலருக்குத் தூக்கம் கெட்டது. 1987இல் அமெரிக்கா தீவு நாடுகளோடு மீன்பிடி உடன்படிக்கை செய்து, கட்டணம் கொடுக்க இசைந்ததற்கு அந்தத் தூக்கக் கேடும் ஒரு காரணம்.

இந்தச் சூழ்நிலையில்தான் ஆஸ்திரேலியா ரோந்துப் படகுத் திட்டத்தோடு முன்வந்தது. 1983இல் பிரதமர் பாப் ஹாக் காலத்தில் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தின்படி, 1987 முதல் 1997 வரை 22 படகுகள் 12 நாடுகளுக்குத் தானமாக வழங்கப்பட்டன. தானம் என்றால் முழுத் தானமும் அன்று. படகும் மாலுமிகளுக்குப் பயிற்சியும் ஆலோசகராக ஆஸ்திரேலியக் கடற்படை அதிகாரிகளும் தானம். மாலுமிகளின் சம்பளமும் ஓட்டும் செலவும் பெற்றுக்கொண்ட நாட்டின் பொறுப்பு. யானையைப் பரிசாகப் பெற்ற புலவன் அதற்குத் தீனி போட வழி தேடியதுபோல, டீசலுக்கு வழி தேடுவதே பல தீவு அரசுகளின் நித்தியக் கவலையாயிற்று. படகு துறைமுகத்தில் பளபளப்பாக நிற்க, எண்ணெய் வாங்கப் பணமின்றி ரோந்து தள்ளிப் போடப்பட்ட காலங்கள் அநேகம்.

எனினும் படகு நல்ல படகு. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமான்டிலுக்குத் தெற்கே ஹெண்டர்சன் என்ற இடத்துப் பட்டறையில் கட்டப்பட்ட இவ்வகைப் படகின் நீளம் 31.5 மீட்டர், நிறைபாரம் சுமார் 160 டன், இரண்டு கேட்டர்பில்லர் டீசல் இயந்திரங்கள், அதிக வேகம் 20 நாட், 12 நாட் வேகத்தில் சென்றால் ஒரு தடவை நிரப்பிய எண்ணெயில் 2,500 கடல் மைல். பதினைந்து பேருக்குச் சற்று முன்பின்னாக மாலுமிகள். இதை வடிவமைத்தவர்களின் புத்திசாலித்தனம், போர்க்கப்பல்களுக்குரிய நுட்பக் கருவிகளைப் புகுத்தாமல், வியாபாரக் கப்பல்களில் எங்கும் கிடைக்கும் சாதாரண இயந்திரங்களையும் உதிரிச் சாமான்களையும் பயன்படுத்தியதில் இருக்கிறது. பெரிய கடற்படைகளின் பழைய கலங்களைத் தலையில் கட்டிவிடாமல், பெறுகிறவனுடைய நிலையை எண்ணிச் செய்த தானம் என்று இதைப் பாராட்டலாம்.

டோங்காவுக்கு மூன்று படகுகள் கிடைத்தன: 1989இல் நெய்யாஃபு, 1990இல் பாங்காய், 1991இல் சவேயா. முதல் இரண்டும் வடக்கே வாவாவு தீவுகளின் தலைநகரையும், நடுவே ஹாஅபாய் தீவுகளின் தலைநகரையும் பெயராகக் கொண்டவை. சவேயாவில் கடலாழம் அளந்து வரைபடம் எழுதுவதற்கான வசதியும் சேர்க்கப்பட்டிருந்தது. நுகுஅலோஃபாவை ஒட்டிய டௌலிகித் தளத்திலிருந்து இவை புறப்பட்டன. ரோந்து என்பதை வீர சாகசமாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. மீன்பிடிக் கப்பலைக் கண்டால் வானொலியில் அழைத்து நிறுத்தி, ரப்பர்ப் படகில் சென்று ஏறி, உரிமச் சீட்டைப் பார்த்து, பிடித்த மீனின் கணக்கேட்டைக் குளிர்கிடங்கில் உள்ள மீனோடு ஒப்பிட்டு, தவறு தெரிந்தால் துறைமுகத்துக்கு ஓட்டி வருவது. கண்டது ஒன்றுமில்லையானால் வெறுங்கடலைப் பார்த்துக்கொண்டு அடுத்த நாளும் போவது. எட்டு ஒன்பது நாளில் தீர்ந்துவிடும் எண்ணெயைக்கொண்டு ஏழு லட்சம் சதுர கிலோமீட்டரைக் காப்பது எங்ஙனம் என்று கேட்டால், எல்லாவற்றையும் காப்பது இயலாதென்பதே விடை. நியூஸிலாந்து, ஆஸ்திரேலிய, பிரெஞ்சு விமானங்கள் மேலிருந்து பார்த்துச் சொல்லும் செய்தியும், 1979இல் தொடங்கி, சாலமன் தீவுகளின் ஹொனியாராவிலிருந்து இயங்கும் தீவு நாடுகளின் மீன்வள நிறுவனம் கப்பல்களின் இருப்பிடத்தைத் திரட்டித் தரும் செய்தியும் படகுக்குத் திசை காட்டின. ஆயினும் விமானம் பார்க்கலாமேயன்றி, கப்பலின் மேல்தளத்தில் கால் வைக்க முடியாது. சட்டப்படி கைது செய்யப் படகுதான் வேண்டும்.

தானம் கொடுத்தவன் எண்ணிய காரியத்திற்கே தானப்பொருள் பயன்படும் என்ற நியதி இல்லை. சாலமன் தீவுகளில் 2000 ஜூனில் ஆட்சிக் கவிழ்ப்பு நேர்ந்தபோது, மலைத்தா கழுகுப் படையினர் ஆவுகி என்ற ரோந்துப் படகைக் கைப்பற்றி, மீன் திருடர்களுக்கென்று பொருத்திய இயந்திரத் துப்பாக்கியைத் தம் நாட்டாரின் மேலேயே திருப்பினார்கள். ஃபிஜியிலோ, 2006ஆம் ஆண்டு டிசம்பரில் ஆட்சியைப் பிடித்த ஃபிராங்க் பைனிமராமா கடற்படையில் வளர்ந்த மனிதர். ஆஸ்திரேலியா உடனே ஃபிஜியின் படகுகளுக்கான உதவியை நிறுத்தி வைத்தது. படகு இங்கே, அதன் உயிர்நாடி கான்பெராவில் என்ற உண்மை அப்போது எல்லாத் தீவுகளுக்கும் விளங்கியது.

அந்த உண்மையை அறிந்திருந்தும், டோங்கா தன் படகைத் தன் விருப்பப்படி செலுத்திய நாள் ஒன்று உண்டு. 2011 மே மாதத்தில், ராஜத் துரோகப் பேச்சுக் குற்றம் சாட்டப்பட்டிருந்த லெஃப்டினண்ட் கர்னல் ராத்து தெவிதா மாரா என்ற ஃபிஜி இராணுவ அதிகாரி, ஃபிஜியின் தென்கோடிக் கடலிலிருந்து சவேயா படகில் ஏறி டோங்காவுக்கு வந்து சேர்ந்தார். ஆபத்து என்ற அழைப்புக் கேட்டு மீட்டோம் என்றது டோங்கா. எம் கடலுக்குள் அத்துமீறி நுழைந்து குற்றவாளியைக் கடத்தினீர் என்றது ஃபிஜி. இந்தத் தெவிதா மாரா யார்? ஃபிஜியின் முதற் பிரதம மந்திரி ராத்து சர் கமிசேசே மாராவின் மகன். லாவு தீவுகளின் தலைமைக் குலத்தைச் சேர்ந்தவர். டோங்கா அரச வம்சத்துக்கு உறவினர். காலியா கட்ட மரம் தேடிப் போன காலத்தில் முளைத்த உறவு, இரும்புப் படகின் காலத்திலும் வேலை செய்தது. கடற்சட்டம் வகுத்த கோட்டை விட, குலமுறை வகுத்த கோடு பழமையானது. ஃபிஜியின் ஆட்சேபம் சட்டப்படி நியாயமாகவே இருக்கலாம், இருந்தாலும் சவேயாவின் பயணத்தை வெறும் சட்ட மீறலென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அதே பருவத்தில், மினர்வா யாருடையது என்று ஃபிஜியோடு இருந்த வழக்கும் கிளம்பியது. அங்கே டோங்கா அமைத்திருந்த வழிகாட்டி விளக்குகளை ஃபிஜிக் கடற்படை அழித்ததென்று குற்றச்சாட்டு எழ, ஜூன் மாதத்தில் டோங்காவின் ரோந்துப் படகுகள் அங்கே விரைந்தன. ஃபிஜியின் கப்பல் விலகிச் சென்றது. துப்பாக்கி வெடிக்கவில்லை. இதில் கவனிக்க வேண்டிய விசித்திரம் ஒன்று உண்டு: ஃபிஜிக்குக் கிடைத்த குலா, கிகாவ், கிரோ என்ற ரோந்துப் படகுகளும், டோங்காவின் மூன்று படகுகளும் ஒரே திட்டத்தில், ஒரே பட்டறையில் கட்டப்பட்டுத் தானமாக வந்தவை. அண்டை நாடுகள் இரண்டும் மீனைக் காக்கப் பெற்ற ஆயுதம், அவற்றின் எல்லைச் சண்டைக்கும் ஆயுதமாய் நின்றது. 2014இல் டோங்காவின் நிலத்துறை மந்திரி, மினர்வாவை ஃபிஜிக்குக் கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாக லாவு தீவுகளைப் பெறலாமென்று யோசனை சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. அந்த மந்திரி தாங்கியிருந்த பட்டப் பெயரும் மாஅஃபு என்பதே!

சண்டையைக் காட்டிலும் துக்கத்திலேதான் இப்படகுகளுக்கு வேலை அதிகம். 2009 ஆகஸ்டு 5ஆம் தேதி இரவு ஹாஅபாய் அருகே பிரின்ஸஸ் ஆஷிகா என்ற பிரயாணிக் கப்பல் மூழ்கி 74 பேர் மாண்டனர். கப்பல் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடந்தது. 2022 ஜனவரி 15ஆம் தேதி ஹூங்கா டோங்கா எரிமலை வெடித்து, சமுத்திரத்தின் அடியில் கிடந்த தொலைத்தொடர்பு வடம் அறுந்து, ராஜ்யம் உலகத்திலிருந்தும் தன் தீவுகளிலிருந்தும் துண்டிக்கப்பட்டபோது, வெளித் தீவுகளில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை நேரில் போய்த்தான் அறிய வேண்டியிருந்தது. சாம்பல் மூடிய கடலில் மறுநாளே ஒரு ரோந்துப் படகு வைத்தியக் குழுவோடும் தண்ணீரோடும் ஹாஅபாய்க்குப் புறப்பட்டது. வீடுகள் யாவும் அழிந்த மாங்கோ தீவு மக்கள் நோமுகாவுக்குக் கொண்டு சேர்க்கப்பட்டார்கள். ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துப் பெருங்கப்பல்கள் வந்து சேர்வதற்குச் சில நாட்கள் பிடித்தன. முதல் நாட்களின் வேலை சிறு படகின் வேலைதான்.

அந்த வேலையைச் செய்தவை பழைய மூன்று படகுகள் அல்ல. அவற்றின் ஆயுள் தொடக்கத்தில் 15 ஆண்டுகள் என்றே கணக்கிடப்பட்டது. பெரிய பழுதுபார்ப்புகளால் அதனை முப்பது ஆண்டு வரை நீட்டினார்கள். பின்பு ஆஸ்திரேலியா அதே ஹெண்டர்சனில் ஆஸ்டல் பட்டறையில் 39.5 மீட்டர் நீளமுள்ள புதிய எஃகுப் படகுகளைக் கட்டி, தீவு நாடுகளுக்கு வழங்கத் தொடங்கியது. புதுமைக்கும் கடல் சலுகை காட்டுவதில்லை: சமோவாவின் நஃபனுவா II 2021இல் பாறையில் மோதி வீணாயிற்று, துவாலுவின் தெ மாதாயிலி II 2023இல் வனுவாட்டுத் துறைமுகத்தில் புயலில் சிக்கிப் பழுதுபார்க்க இயலாதபடி சிதைந்தது. டோங்காவுக்கு 2019இல் ஒன்றும் 2020இல் ஒன்றுமாக இரண்டு படகுகள் வந்தன. அவற்றுக்கு ஊர்ப் பெயர்களை வைக்காமல், தானமாக அன்றி ராஜ்யத்துக்கென்றே வாங்கிய அந்த முதற் படகுகளின் பெயர்களையே, ங்காஹௌ கௌலா, ங்காஹௌ சிலிவா என்று டோங்கா அரசு சூட்டியது. மினர்வாவைப் பற்றிய வழக்கு இன்றளவும் தீர்ப்பாகவில்லை.